மட்டக்களப்பிலிருந்து மார்டெக் மாநாடு: முதல் தடவை பார்ப்பவர் தெரிந்திருக்க வேண்டியவை

மார்க்கெட்டிங் வேலைக்கென்று உள்ள மென்பொருள்களைப் பற்றி மட்டுமே பேசும் மாநாடுகளில் பெயர் பெற்றது மார்டெக். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தொடங்கியது. அப்போது நிகழ்ச்சி நிரலை அமைத்தவர் ஸ்கொட் பிரிங்கர். இந்தத் துறையில் என்னென்ன மென்பொருள்கள் இருக்கின்றன என்பதை ஆண்டுதோறும் ஒரே படத்தில் அடுக்கிக் காட்டுபவர் அவர்தான். ஆரம்பத்தில் காசு கொடுத்து டிக்கெட் எடுத்து, ஹோட்டலில் தங்கிப் பார்க்கவேண்டிய மாநாடாக இருந்தது. கொரோனா வந்த 2020இல் ஒன்லைனுக்கு மாறியது; கட்டணமும் இல்லாமல் போனது. அதனால் இன்று காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருப்பவரும், பாசிக்குடாவில் ஹோட்டல் முன்பதிவைக் கவனிப்பவரும், மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்பவரும் வீட்டிலிருந்தபடியே அதைப் பார்க்க முடிகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பார்க்கலாம், ஆனால் முழுவதையும் பார்க்க வேண்டாம். ஒரு கேள்வியோடு போய், மூன்று அமர்வுகளை மட்டும் தெரிவுசெய்து, மற்றதை விட்டுவிடுகிறவருக்கு இதைவிட நல்ல இலவசப் பாடம் கிடைப்பது அரிது. கண்ணில் படுவதையெல்லாம் பார்க்கிறவர் நடுச்சாமம் வரை விழித்திருந்து, தன் வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாத மென்பொருள்களின் பெயர்களால் கொப்பியை நிரப்பி வைத்திருப்பார். இந்த இரண்டு பேருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஆங்கில அறிவோ கொம்பியூட்டர் அறிவோ அல்ல. முன்கூட்டியே செய்யும் ஒரு மணி நேர ஆயத்தம்தான்.

நேரமும் டேட்டாவும்

வழக்கமாக வசந்த காலத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று நடத்துகிறார்கள். நிகழ்ச்சி நிரலில் இருப்பது அமெரிக்கக் கிழக்கு நேரம். மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடக்கம் நவம்பர் முதல் ஞாயிறு வரை அதனுடன் 9 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் எங்கள் நேரம் வரும். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைப்பார்கள். அதற்குப் பிறகு 10 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். காலை 11 மணி என்று போட்ட அமர்வு செப்டெம்பரில் இங்கே இரவு 8.30க்கு வரும், நவம்பர் நடுவில் 9.30க்கு வரும். பேச்சாளர் கலிபோர்னியாக்காரராக இருந்து பசிபிக் நேரத்தைச் சொன்னால் இன்னும் மூன்று மணி கூட்டுங்கள். பதிவு செய்தவுடன் வரும் மின்னஞ்சலில் நாட்காட்டியில் சேர்க்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிடுவதே நல்லது. போனின் நேர வலயம் கொழும்பு என்று இருந்தால் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். மார்ச்சில் கணக்குப் போட்டு எழுதிவைத்த வித்தியாசத்தை நவம்பரிலும் நம்புகிறவர்கள்தான் அமர்வைத் தவறவிடுகிறார்கள்.

வசந்தகால மாநாடு மார்ச்சில் வந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. 2025இல் மார்ச் முழுவதும் நோன்பு. 2026இல் பெப்ரவரி நடுப்பகுதி தாண்டித் தொடங்கி மார்ச் மூன்றாம் வாரம் வரை. இரவு எட்டரை என்பது தராவீஹ் தொழுகை நேரம். காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுக் கடைகளுக்கு அதுவே ஆண்டின் பெரிய வியாபாரம். அந்த வாரத்தில் நேரலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பெயரை மட்டும் பதிந்து வையுங்கள். ஒளிப்பதிவைப் பெருநாள் முடிந்து ஆறுதலாகப் பார்க்கலாம். நேரலையில் கிடைத்து ஒளிப்பதிவில் கிடைக்காதது கேள்வி கேட்கும் வாய்ப்பு மட்டுமே.

இலையுதிர்கால மாநாடு நவம்பரில் வந்தால் இங்கே மழைக்காலம். கரண்ட் போனால் லெப்டொப் பேட்டரியில் ஓடும், ரௌட்டர் நின்றுவிடும். ரௌட்டருக்கென்று விற்கும் சிறிய யூ.பி.எஸ். வாங்குவதாக இருந்தால் முதலில் அடப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட். 9 வோல்ட், 5 வோல்ட் ரௌட்டர்களும் உண்டு. 9 வோல்ட் ரௌட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் ரௌட்டரே போய்விடும்.

டேட்டாவைப் பொறுத்தவரை வீடியோவை 720 தரத்தில் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜி.பி. வரை போகும், 480இல் அதில் பாதியளவு. 360க்கு இறக்கினால் பேச்சாளரின் முகம் தெரியும், ஸ்லைட்டில் உள்ள எழுத்து தெரியாது. பாடம் ஸ்லைட்டில்தான் இருக்கிறது என்பதால் 480க்குக் கீழே போகாதீர்கள். சில பெக்கேஜ்களில் தரும் இரவு டேட்டா நள்ளிரவுக்குப் பிறகே தொடங்கும், இரவு 8.30 அமர்வுக்கு அது உதவாது. பேச்சு வேகமாக இருந்தால் ஆங்கில வசன வரியை ஓடவிடுங்கள். ஒளிப்பதிவில் வேகத்தை 0.75க்குக் குறைத்தால் அமெரிக்க உச்சரிப்பு நன்றாகப் பிடிபடும்.

பதிவுப் படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள்

இலவச மாநாட்டின் செலவைக் கொடுப்பவர்கள் விளம்பரதாரர்கள். அவர்களுக்கு வேண்டியது பார்வையாளர்களின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை; படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். மாநாட்டை நடத்தும் தேர்ட் டோர் மீடியா நிறுவனத்தை 2024 ஒக்டோபரில் செம்ரஷ் வாங்கியது. செம்ரஷ் என்பதே தேடுபொறி மார்க்கெட்டிங் மென்பொருள் விற்கும் நிறுவனம். மென்பொருள் விற்பவரின் மேடையில் மென்பொருளே தேவையில்லை என்ற பேச்சை எதிர்பார்க்க முடியாது. அதை மனதில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிமெயில் என்றால் உங்கள் பெயருக்கும் அட் குறிக்கும் இடையில் ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுக்கலாம். கடிதம் வழமையான பெட்டிக்கே வரும், எந்த இடத்திலிருந்து உங்கள் முகவரி வெளியே போனது என்பதும் தெரிந்துவிடும். சில படிவங்கள் ஜிமெயிலை ஏற்காமல் வியாபார மின்னஞ்சல் கேட்கும். கடைக்குச் சொந்த டொமைன் (இணையப் பெயர்) இருந்தால் அதில் மாநாட்டுக்கென்று ஒரு முகவரி திறந்துகொள்ளுங்கள். தொலைபேசி கட்டாயம் என்றால் 94க்குப் பிறகு முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு ஒன்பது இலக்கம். ஊழியர் எண்ணிக்கையை உள்ளபடி 1 முதல் 10 என்று போடுங்கள். பெருமைக்கு 200 என்று போட்டால் விற்பனைப் பிரதிநிதிகள் நடுச்சாமத்தில் அழைக்கத் தொடங்குவார்கள்.

மூன்று அமர்வுகளைத் தெரிவுசெய்வது எப்படி

பிரிங்கரின் படத்தில் 2011இல் இருந்தவை சுமார் 150 மென்பொருள்கள். 2024இல் 14,106. 2025இல் 15,384. இத்தனையிலும் எது நல்லது என்று தேடிப் போனால் திரும்பி வரமுடியாது. ஆகவே மென்பொருளின் பெயரில் இருக்கும் அமர்வை விட்டுவிட்டு, வேலையின் பெயரில் இருக்கும் அமர்வைத் தேடுங்கள். வாடிக்கையாளர் தரவைச் சுத்தப்படுத்துவது, மின்னஞ்சல் போய்ச் சேருவது, விளம்பரத்தின் பலனை அளப்பது ஆகிய மூன்றும் எந்தக் கடைக்கும் பொருந்தும். நிகழ்ச்சி நிரலில் பெரும்பாலும் இவற்றைத் தொடும் அமர்வு ஒன்றாவது இருக்கும்.

விளம்பரதாரர் அமர்வைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பேச்சாளர் மென்பொருள் நிறுவனத்தின் ஊழியரா, அல்லது அதைக் காசு கொடுத்து வாங்கிப் பாவிப்பவரா என்று பதவிப் பெயரைப் பாருங்கள். பாவிப்பவரின் பேச்சில் எது சரிவரவில்லை என்பதும் வரும். நாங்கள் மதிப்பது அந்தப் பகுதியைத்தான். விற்பவரின் அமர்வையும் அடியோடு ஒதுக்க வேண்டாம். முதல் பத்து நிமிடத்தில் பிரச்சினையை விளக்குவார்கள், அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். டெமோ தொடங்கியதும் எழுந்துவிடலாம்.

பழைய ஒளிப்பதிவு பார்க்கும்போது திகதியைப் பார்க்காமல் நம்பக்கூடாது. குரோம் உலாவி மூன்றாம் தரப்புக் குக்கீகளை (பல தளங்களில் ஒருவரைப் பின்தொடர விளம்பரதாரர்கள் வைக்கும் சிறு கோப்புகளை) நிறுத்தப் போகிறது, உடனே ஆயத்தமாகுங்கள் என்று ஆண்டுக்கணக்காகப் பேசினார்கள். 2024 ஜூலையில் கூகுள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதற்கு முந்திய பேச்சுக்களில் அந்தப் பகுதி இப்போது செல்லாது. 2023 ஜூலை 1ஆம் திகதிக்கு முந்திய கூகுள் அனலிடிக்ஸ் (இணையதளத்துக்கு வருவோரை எண்ணும் கருவி) பாடங்களில் பழைய பதிப்பைக் காட்டுபவையும் அப்படியே. அன்றோடு பழைய யூனிவர்சல் அனலிடிக்ஸ் தரவு சேகரிப்பதை நிறுத்தி, ஜீ.ஏ.4 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. திரையில் காட்டும் மெனுக்கள் எதுவும் இன்றைக்குப் பொருந்தாது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. சி.ஆர்.எம். என்றால் யார் எப்போது என்ன வாங்கினார், என்ன பேசினோம் என்ற பதிவேடு. சி.டி.பி. என்றால் கடை பில், இணையதளம், பேஸ்புக், வட்ஸ்அப் என்று பல இடத்தில் சிதறிக் கிடக்கும் அதே ஆளை ஒருவராக்கும் மென்பொருள். ஆட்ரிபியூஷன் என்பது விற்பனை எந்த விளம்பரத்தால் வந்தது என்று பங்கு பிரிப்பது. இந்த மூன்றும் தெரிந்தால் பாதிப் பேச்சு புரிந்துவிடும். சி.டி.பி. மென்பொருள்களின் விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். அவை இலட்சக்கணக்கான வாடிக்கையாளர் உள்ள நிறுவனங்களுக்காகச் செய்தவை.

கேட்டதைக் கடையில் செய்து பார்ப்பது

மாநாட்டில் தரவுச் சுத்தம் என்று ஒரு மணி நேரம் பேசுவதன் கிழக்கு மாகாண வடிவம் எக்செல் கோப்பில் இருக்கிறது. 0771 என்று தொடங்கும் எண்ணை எக்செலில் அடித்தால் முன்னால் உள்ள பூச்சியத்தை அது விழுங்கிவிடும். அந்த நிரலை முதலில் டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றி, எல்லா எண்ணையும் 94 என்று தொடங்கும் பதினொரு இலக்கமாக ஆக்குங்கள். 065, 063, 067 என்று தொடங்குபவை மட்டக்களப்பு, அம்பாறை, கல்முனைத் தரைவழி எண்கள். அவற்றை வேறு நிரலுக்கு நகர்த்துங்கள், எஸ்.எம்.எஸ். பட்டியலில் விட்டால் காசு வீண். பெயரை வைத்து இரட்டைப் பதிவைத் தேடாதீர்கள். முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள். கணபதிப்பிள்ளைக்கும் அதே கதிதான். தொலைபேசி எண்ணை அடையாளமாக வைத்து எக்செலில் இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். நீக்குமுன் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கணவன் மனைவி ஒரே எண் கொடுத்திருப்பார்கள், ஒருவர் காணாமல் போவார். இந்த வேலை முடியாமல் எந்த சி.ஆர்.எம். வாங்கினாலும் குப்பையைக் காசு கொடுத்து இடம் மாற்றியதாகத்தான் முடியும்.

மின்னஞ்சல் பற்றிய அமர்வுகள் பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல்காரர்களுக்கு மிகவும் வேண்டியவை. அறுகம்பையில் அலைக்காலம் ஏப்ரல், மே மாதத்தில் தொடங்கிவிடும். முன்பதிவு உறுதிக் கடிதம் ஸ்பாமில் விழுந்தால் விருந்தாளி வேறு இடம் பார்த்துவிடுவார். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் விதியை இறுக்கின. நாளைக்கு 5,000 கடிதத்துக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவருக்கு எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் (கடிதம் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) மூன்றும் கட்டாயம், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும், ஸ்பாம் முறைப்பாடு 0.3 வீதத்தைத் தொடக்கூடாது. சிறிய அனுப்புநருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். மூன்றையும் போட்டுவிடுங்கள், செலவில்லை.

இங்கே அதிகம் பிழைப்பது எஸ்.பி.எப். வரியில். கூகுள் மின்னஞ்சலுக்கு ஒரு வரி, முன்பதிவு மென்பொருளுக்கு ஒரு வரி, செய்திமடல் மென்பொருளுக்கு ஒரு வரி என்று மூன்று நிறுவனமும் தனித்தனி வரி தரும். டொமைன் அமைப்பில் மூன்றையும் மூன்று பதிவாக ஒட்டிவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரேயொரு எஸ்.பி.எப். பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தாலே சோதனை தோற்றுவிடும், எல்லாக் கடிதமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மூன்றிலும் உள்ள பகுதிகளை ஒரே வரியில் சேர்க்க வேண்டும். அந்த வரி தேடச் சொல்லும் இடங்கள் மொத்தம் பத்தைத் தாண்டவும் கூடாது. சேர்த்த பிறகு உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பி, மூல வடிவத்தைக் காட்டும் தெரிவில் மூன்றும் பாஸ் என்று வருகிறதா பாருங்கள்.

விளம்பரப் பலனை அளப்பதற்கு, இணைப்பின் முடிவில் சேர்க்கும் யூ.டி.எம். குறிச்சொற்களைச் சொல்லித் தருவார்கள். சோர்ஸ், மீடியம், கெம்பெயின், டேர்ம், கொன்டென்ட் என்று ஐந்து. முதல் மூன்று போதும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அனலிடிக்ஸுக்கு வெவ்வேறு. ஒரு பதிவில் பேஸ்புக் என்பதைப் பெரிய எழுத்திலும் மறு பதிவில் சிறிய எழுத்திலும் தொடங்கினால் அறிக்கையில் இரண்டு வரியாக வரும். எல்லாம் சிறிய எழுத்து என்று ஒரு தடவை முடிவெடுத்து எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆனால் எங்கள் கடைகளில் பெரும்பாலான ஓடர் இணையதளத்துக்கே வருவதில்லை. படத்தைப் பார்த்தவர் நேரே வட்ஸ்அப்பில் விலை கேட்கிறார். அமெரிக்க மேடையில் வட்ஸ்அப்புக்கு எடை குறைவு. அங்கே வியாபாரம் மின்னஞ்சலிலும் எஸ்.எம்.எஸ்ஸிலும் நடக்கிறது. இதுவே இந்த மாநாட்டின் பெரிய குறை. பாடத்தை நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும். வட்ஸ்அப் இணைப்பில் உங்கள் எண்ணுக்குப் பின்னால் முன்கூட்டிய செய்தி ஒன்றைச் சேர்க்கலாம். பேஸ்புக் விளம்பரத்தில் உள்ள இணைப்பை அழுத்தினால் "பெருநாள் சேலை விலை வேண்டும்" என்று வரட்டும். கடை வாசலில் ஒட்டிய கியூ.ஆர். வழியாக வந்தால் "கடைக்கு வந்தேன், புது வரவு அனுப்புங்கள்" என்று வரட்டும். எந்தச் செய்தி எத்தனை வந்தது என்று எண்ணினால் அதுவே ஆட்ரிபியூஷன். மாதச் சந்தா எதுவும் இல்லை. வந்தவர்களை வட்ஸ்அப் பிசினஸ் செயலியின் லேபிளில் பிரித்துவையுங்கள்.

அந்தச் செயலியின் புரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரைதான். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமிக்காதவருக்குச் செய்தி போய்ச் சேராது. "அனுப்பினேன், யாரும் பதில் போடவில்லை" என்ற முறைப்பாட்டின் காரணம் பெரும்பாலும் இதுதான். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் வட்ஸ்அப்பின் காசு கட்டும் தளம். 2025 ஜூலை 1 முதல் அதில் கட்டணம் உரையாடல் கணக்கில் இல்லை, அனுப்பும் ஒவ்வொரு டெம்பிளேட் (முன்கூட்டியே அனுமதி பெற்ற மாதிரி) செய்திக்கும் கணக்கிடப்படுகிறது. வாடிக்கையாளர் எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் நீங்கள் சாதாரணமாக எழுதும் பதிலுக்குக் கட்டணம் இல்லை.

பொருள் கையில் கிடைத்ததும் காசு கொடுக்கும் முறைதான் இங்கே நடைமுறை என்பதையும் மேடையில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விளம்பரத் தளம் ஓடரை எண்ணி வெற்றி என்று காட்டும். கூரியர்காரர் திருப்பிக் கொண்டுவந்த பொதியை அது அறியாது. திரும்பிய ஓடரைக் கழித்துவிட்டுக் கிடைத்த காசை விளம்பரச் செலவோடு ஒப்பிடுங்கள். கழிக்காமல் பார்த்தால் நட்டம் தரும் விளம்பரத்துக்கு மேலும் காசு ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்.

தமிழ் தாங்குமா என்ற சோதனை

எந்த மென்பொருளையும் வாங்குமுன் எங்கள் ஆட்கள் செய்யவேண்டிய சோதனை இது. மேடையில் இருப்பவர் எல்லா மொழியும் ஓடும் என்பார். எழுத்து திரையில் தெரிவதை வைத்துத்தான் சொல்கிறார்.

முதலில் எஸ்.எம்.எஸ். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. நீண்டு துண்டானால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. அந்த 67உம் நாம் எண்ணும் எழுத்தல்ல. மெய்க்குப் புள்ளி தனி, உயிர்க்குறி தனி. "கொத்து ரொட்டி" என்பது கண்ணுக்கு ஆறு எழுத்தும் ஓர் இடைவெளியும், எஸ்.எம்.எஸ். கணக்கில் 13. எனவே நூறு அலகு கொண்ட சாதாரண தமிழ் அறிவித்தல் இரண்டு எஸ்.எம்.எஸ். விலைக்குப் போகும். ஆங்கில மாதிரியைக் காட்டி ஒரு செய்தி இவ்வளவு என்று விலை சொல்லும் எவரிடமும் தமிழ்ச் செய்தியின் விலையை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது பட்டியலை ஏற்றுவது. தமிழ்ப் பெயருள்ள எக்செல் கோப்பைச் சாதாரண சி.எஸ்.வி. (மென்பொருள்களில் ஏற்றும் எளிய பட்டியல் கோப்பு) ஆகச் சேமித்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சேமிக்கும் பட்டியலில் யு.டி.எப்.-8 என்று எழுதியிருக்கும் சி.எஸ்.வி. வகையைத் தெரிவுசெய்ய வேண்டும். அச்சகத்திலிருந்தோ பழைய கணக்கப்பிள்ளையிடமிருந்தோ வந்த பட்டியல் என்றால் அது பாமினி எழுத்துருவில் இருக்கும் வாய்ப்பு அதிகம். பாமினியில் தட்டியது தமிழ் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. யுனிகோடாக (எல்லாக் கருவியும் படிக்கும் பொது எழுத்துமுறையாக) மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது சோதனையைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. "கோ" என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம்: ஓகாரக்குறியை ஒன்றாகப் போடுவது ஒன்று, ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடுவது மற்றது. கண்ணுக்கு ஒன்றே. ஒழுங்காகச் செய்யாத மென்பொருளுக்கு வெவ்வேறு. கோபால் என்று தேடினால் பாதிக் கோபால்கள் வரமாட்டார்கள். இரண்டு விதமாகவும் இரண்டு பெயரைப் பதிந்து தேடிப் பாருங்கள். கூடவே ஸ்ரீ, கௌ, க்ஷ உள்ள பெயர்களையும் கொடுத்து, மின்னஞ்சல் தலைப்பில் அவை எங்கே வெட்டுப்படுகின்றன என்று போனில் பாருங்கள்.

நேரலையில் கேள்வி கேட்கக் கிடைத்தால் இதையே கேளுங்கள். தமிழில் வாடிக்கையாளர் பெயர் போட்டு அனுப்ப முடியுமா, கட்டணம் பட்டியலில் உள்ள தலைக்கா அனுப்பிய செய்திக்கா, விலகும்போது தரவு முழுவதையும் சி.எஸ்.வி. ஆக எடுக்கலாமா, ஆண்டுக் கட்டாயம் உண்டா. குறுகிய கேள்விக்குத்தான் பதில் வரும். தொடக்க நிமிடங்களிலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள், கடைசியில் போட்டால் நேரம் போதாது.

கொழும்புக்குப் போவதா?

இந்தத் துறையில் இலங்கையில் நேரில் நடக்கும் மாநாடுகள் பெரும்பாலும் கொழும்பில்தான். மட்டக்களப்பிலிருந்து வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல். அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை, கல்முனை, அக்கரைப்பற்றுக்காரர் பஸ்ஸில் போகவேண்டும் அல்லது மட்டக்களப்புக்கு வந்து ரயில் ஏறவேண்டும். போக்குவரத்து, தங்குமிடம், கடை மூடும் நாட்கள், டிக்கெட் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் முதல் தடவைக்கு ஒன்லைனே சரி. நேரில் போவதன் பலன் ஆட்களைச் சந்திப்பது, எஸ்.எம்.எஸ். வழங்குநர், வட்ஸ்அப் தள முகவர், கூரியர் நிறுவனம் என்று ரூபாயில் பில் தருபவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அவர்களோடு பேச வேண்டிய கட்டம் வந்தபின் போகலாம். போனால் கழுத்தில் தொங்கும் அட்டையின் கியூ.ஆரை ஒவ்வொரு கூடத்திலும் ஸ்கேன் செய்யவிடாதீர்கள். ஒரு ஸ்கேன் என்பது உங்கள் விவரத்தை அங்கே கொடுத்துவிட்டதற்குச் சமம்.

இதே கவனம் உங்கள் வாடிக்கையாளருக்கும் உரியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டிலும் நிறைவேறிவிட்டது. விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டும், விலக வழியும் வேண்டும் என்பதுதான் அதன் போக்கு. அமெரிக்கச் சட்டத்தைப் பற்றிய அமர்வைத் தவிர்த்துவிட்டு, பில் போடும் இடத்தில் "புது வரவு பற்றி வட்ஸ்அப் அனுப்பலாமா?" என்று கேட்டு, ஆம் என்றவருக்குத் திகதியோடு ஓர் அடையாளம் இடும் பழக்கத்தைத் தொடங்குங்கள்.

மாநாடு முடிந்த மறுநாளிலிருந்து விற்பனைக் கடிதங்கள் வரும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் கடிதம் என்றால் அடியில் உள்ள விலகும் இணைப்பை அழுத்துங்கள். பெயரே தெரியாதது என்றால் அழுத்தாமல் ஸ்பாம் என்று குறியுங்கள், ஏனெனில் அழுத்தினால் முகவரி உயிரோடு இருப்பது உறுதியாகிவிடும். இலவசச் சோதனைக் கணக்கு தருவார்கள். வங்கி அட்டை எண் கேட்காததை மட்டும் திறவுங்கள். கேட்பதைத் திறந்தேயாக வேண்டுமென்றால் முடியும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகப் போனில் நினைவூட்டல் வையுங்கள். பல நிறுவனங்கள் அந்த நாளில் தாமாகவே முழு ஆண்டுச் சந்தாவை டொலரில் எடுத்துவிடும், அதைத் திருப்பி வாங்குவது வாரக்கணக்கில் இழுக்கும். சோதனைக் கணக்கில் முழுப் பட்டியலை ஏற்ற வேண்டாம். சுத்தப்படுத்திய பட்டியலில் இருபது பேர், அதிலும் தமிழில் பெயர் எழுதியவர்கள் பத்துப் பேராவது, அவ்வளவும் போதும்.